மருத்துவர் பதில்கள்: வளர்ச்சிக் காரணியைத் தடுத்தால் கட்டி நிற்குமா?

கேள்வி: ஐயா, 63 வயதான என் தாயாரின் தொடையில் இருந்த கட்டியைத் திசுப் பரிசோதனை செய்ததில், அது லைபோசார்கோமா என்னும் கொழுப்புத் திசுப் புற்றுநோய் என்று வந்திருக்கிறது. வளர்ச்சிக் காரணிகளைத் தடுக்கும் பசோபானிப் என்னும் மாத்திரையைப் பற்றிப் படித்தேன். அதைக் கேட்டு வாங்கலாமா? கட்டி வளர்ந்துவிடும் என்று சொல்லி உறவினர்கள் அம்மாவுக்குப் பாலையும் முட்டையையும் நிறுத்திவிட்டார்கள். இது சரிதானா?
– வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: வளர்ச்சிக் காரணி என்பது உயிரணுவின் வாசலில் அழைப்பு மணியை அழுத்தும் புரதம், மணி ஒலித்தால்தான் உயிரணு பிளவுபடத் தொடங்கும். தோலடியில் தோன்றும் டெர்மாட்டோஃபைப்ரோசார்கோமா என்ற அரிய கட்டியில், 17ஆம், 22ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்வதால், உயிரணு ‘பிடிஜிஎஃப்’ என்னும் காரணியைத் தானே சுரந்து தன் வாசல் மணியைத் தானே ஓயாமல் அழுத்திக்கொண்டிருக்கிறது. மணியின் கம்பியைத் துண்டிப்பதுபோல் செயல்படும் இமாட்டினிப் மாத்திரை அங்கே நன்கு பலன் தருவதற்கு இதுவே காரணம்.

உங்கள் தாயாருக்கு வந்திருப்பது வேறு வகை. லைபோசார்கோமாவில் அதிகம் காணப்படும் வகைகளில் கோளாறு வாசலில் இல்லை, வீட்டிற்குள் இருக்கிறது: 12ஆம் குரோமோசோமில் உள்ள எம்டிஎம்2, சிடிகே4 ஆகிய மரபணுக்கள் பல படிகளாகப் பெருகிவிடுகின்றன. பசோபானிப் முற்றிய மென்திசுப் புற்றுநோய்க்கு (லைபோசார்கோமாவும் இதில் ஒரு வகை) 2012இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது உண்மைதான். ஆனால் அதற்கு அடிப்படையான பெரிய ஆய்வில் லைபோசார்கோமா நோயாளிகள் சேர்க்கப்படவில்லை. சேர்க்கப்பட்டவர்களுக்கும் நோய் முற்றாமல் நின்ற காலம் 1.6 மாதத்திலிருந்து 4.6 மாதமாக நீண்டதே தவிர, ஆயுள் குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை.

ஒலராடுமாப் என்ற ஊசி மருந்தின் கதையையும் சொல்லிவிடுகிறேன். பிடிஜிஎஃப் ஏற்பியை, அதாவது அந்த வாசல் மணியைத் தடுக்கும் அம்மருந்தை டாக்சோரூபிசின் என்னும் வழக்கமான கீமோதெரபி மருந்துடன் சேர்த்துக் கொடுத்த, மென்திசுப் புற்றுநோயாளிகள் 133 பேர் பங்கேற்ற ஆய்வில், சராசரி ஆயுள் 14.7 மாதத்திலிருந்து 26.5 மாதமாக உயர்ந்ததைக் கண்டு 2016இல் அமெரிக்காவில் விரைவு அனுமதி கொடுத்தார்கள்; நானும் அப்போது மகிழ்ந்தவன்தான். 2019இல் 509 பேரிடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவு வந்தபோது அந்த வேறுபாடு காணாமல் போயிருந்தது, மருந்தும் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது.

தொடையில் உள்ள கட்டி பரவாமல் இருந்தால், அறுவை சிகிச்சையும் தேவைக்கேற்பக் கதிர்வீச்சுமே முதன்மையானவை. எனவே மாத்திரையின் பெயரைக் கேட்பதற்கு முன், அறிக்கையில் லைபோசார்கோமாவின் எந்த உட்பிரிவு என்று எழுதியிருக்கிறது, எம்டிஎம்2 பரிசோதனை செய்யப்பட்டதா, நுரையீரல் ஸ்கேன் எடுக்கப்பட்டதா என்று கேளுங்கள்.

பாலையும் முட்டையையும் நிறுத்தினால் இக்கட்டி சுருங்கும் என்பதற்குச் சான்றே இல்லை. அறுவைப் புண் ஆறப் புரதம் வேண்டும். நாளைக் காலையே அம்மாவுக்கு ஒரு முட்டை அவித்துக் கொடுங்கள்.