வியட்நாமிய அலுவலக நண்பர்களோடு சைகோனில் உயர்தர உணவகத்துக்குப் போகிறோம். ஆர்டர், சாப்பிடும் முறை, பில் விஷயத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

கேள்வியில் நீங்கள் சொன்ன விவரம்: அங்கிருந்து ஆறு பேர், இங்கிருந்து இரண்டு பேர். நீங்கள் முட்டைகூடத் தொடாத சைவம். உடன் வருபவர் மீன், கோழி சாப்பிடுவார். மாடும் பன்றியும் கூடாது.

முதல் வேலை, இந்தச் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டை முன்பதிவு செய்யும் நண்பரிடம் இரண்டு நாள் முன்பே சொல்லிவிடுவது. மேசையில் உட்கார்ந்தபின் சொன்னால் சமையலறையால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. நுவோக் மாம் எனும் மீன் சாறு அங்கே உப்பின் இடத்தில் இருக்கிறது. தொட்டுக்கொள்ளும் சாறுகளை மொத்தமாக முன்கூட்டியே கலந்து வைத்திருப்பார்கள். சூப்புக்கு அடிப்படை பன்றி எலும்போ காய்ந்த இறாலோ. பூண்டு போட்டு வதக்கிய வள்ளைக்கீரை பார்க்கப் பரம சைவம். அதில் சிப்பி சாஸ் விழுந்திருக்கும், அல்லது ஹாத் நேம் என்ற சுவைத்தூள். அந்தத் தூளில் பெரும்பாலும் பன்றிச் சாறு உண்டு. ஆகவே "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் இவை எல்லாம் தப்பித்து உங்கள் தட்டுக்கு வந்துவிடும்.

அதற்குப் பதில் "அன் சாய்" என்று சொல்லுங்கள். பௌத்த சைவச் சாப்பாட்டைக் குறிக்கும் சொல் அது. சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அப்படிச் சாப்பிடுபவர்கள் அங்கே ஏராளம். அதனால் விளக்கமே தேவைப்படாது. மீன் சாறு போய் சோயா சாறு வரும். கண்டிப்பான சாய் சமையலில் வெங்காயம், பூண்டுகூட இருக்காது. முட்டை சில இடங்களில் நுழையும் என்பதால் "கோம் த்ருங்" (முட்டை வேண்டாம்) என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். இவற்றை வியட்நாமிய எழுத்திலேயே எழுதித் தரச் சொல்லி, அலைபேசியில் வைத்துக்கொண்டு பரிமாறுபவரிடம் காட்டுவது உத்தமம். அந்த மொழியின் ஆறு தொனிகளில் நம் உச்சரிப்பு எதில் போய் விழும் என்று நமக்கே தெரியாது.

உங்களோடு வருபவர் "தித் போ" (மாடு), "தித் ஹேயோ" (பன்றி) இரண்டையும் சொல்லிவைக்க வேண்டும். ஹனோய் பக்கம் பன்றிக்கு "தித் லொன்" என்பார்கள். மாட்டைத் தவிர்ப்பது எளிது. பன்றிதான் ஒளிந்திருக்கும்: பொரித்த சுருளின் பூரணத்தில், தாமரைத் தண்டு சாலட்டில் இறாலுக்குப் பக்கத்தில், மஞ்சள் போட்ட பான் சேயோ அடையின் மடிப்புக்குள். வீட்டுச் சமையல் பாணி உணவகங்களில் கோ குவெத் என்று ஒன்று வரும். வேகவைத்த காய்கறித் தட்டும், மண்சட்டியில் கெட்டியான கரும்பழுப்புச் சாறும். காயைப் பார்த்துச் சைவம் என்று கை வைக்காதீர்கள். அந்தச் சாறு மீன் சாற்றோடு காய்ந்த இறாலும் பன்றிக் கொழுப்புத் துண்டுகளும் போட்டு வற்றவைத்தது.

இடம் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். உணவகங்களுக்கு நட்சத்திரம் தரும் மிஷலின் வழிகாட்டி 2023 ஜூனில் ஹனோய்க்கும் ஹோ சி மின் நகருக்கும் (சைகோனின் இன்றைய பெயர்) வந்தது. முதல் ஆண்டில் நட்சத்திரம் பெற்ற நான்கில் சைகோனில் இருந்தது அனான் மட்டும். கியா, தாம் வி, ஜப்பானியச் சமையல் செய்யும் ஹிபானா மூன்றும் ஹனோய். கியா போன்ற இடங்களில் சமையற்காரர் வகுத்த வரிசைப்படி சிறுசிறு தட்டுகள் வரும். சாப்பிட்டு எழவே இரண்டு, மூன்று மணி நேரமாகும். தாம் வி போன்றவற்றில் வீட்டுச் சாப்பாடு, நடுவில் வைத்து எல்லோரும் பகிர்வது. அலுவலகக் கூட்டத்துக்கு, அதிலும் இரண்டு வகைக் கட்டுப்பாடு உள்ள கூட்டத்துக்கு, இரண்டாவது வகையே பொருந்தும் என்பது என் கட்சி.

அங்கே ஆளுக்கொரு அயிட்டம் சொல்லாதீர்கள். மெனு ஒருவர் கையில் இருக்கட்டும். எட்டுப் பேருக்கு ஒரு சாலட், பொரித்ததோ சுருட்டியதோ ஒன்று, முழு மீன் ஒன்று, மண்சட்டியில் வற்றவைத்தது ஒன்று, கோழி அல்லது இறால் ஒன்று, கீரை இரண்டு, பெரிய கிண்ணம் சூப், வெள்ளைச் சோறு. உங்களுக்கான சாய் வகைகள் இரண்டு தனி. மண்சட்டி மீனான கா கோ தோ உப்பும் இனிப்பும் தூக்கலானது. புளியும் அன்னாசியும் போட்ட கான் சுவா சூப்போடு சேர்ந்தால்தான் அது நிற்கும். ஆளுக்கு ஆள் ஆர்டர் செய்யும்போது நடக்கும் விபத்து இதுதான்: மண்சட்டி மூன்று வந்துவிடும், புளிப்பு ஒன்றும் இருக்காது, எல்லோரும் தண்ணீர் குடித்தே வயிற்றை நிரப்புவார்கள். கடல் உணவுக்கு விலை போடாமல் "அன்றைய விலை" என்று இருந்தால், எடையும் விலையும் கேட்டபின் தலையாட்டுங்கள்.

சுருட்டிச் சாப்பிடும் வகை வந்தால் கையால் சாப்பிடலாம், கூச்சம் வேண்டாம். அரிசித் தாளைத் தண்ணீரில் ஒரு சுற்று நனைத்து, விறைப்பு இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். உள்ளே வைப்பதை எல்லாம் வைத்து முடிப்பதற்குள் தானே இளகிவிடும். மெத்தென்று ஆகும்வரை ஊறவிட்டால் தட்டில் ஒட்டிக் கிழியும். கீழே கீரை இலை, அதன்மேல் மீன், சேமியா, மூலிகை. தாளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். மூலிகைத் தட்டில் இதய வடிவ இலை ஒன்று இருக்கும், பச்சை மீன் வாடை அடிக்கும். முதலில் ஒரு இலையை மட்டும் கடித்துப் பாருங்கள். சைவமான அந்த இலையால் ஏமாந்து, "மீன் போட்டுவிட்டார்கள்" என்று சண்டைக்குப் போனவர்கள் உண்டு!

பொதுத் தட்டிலிருந்து எடுத்ததை முதலில் உங்கள் கிண்ணத்தில் வைத்து, பிறகு வாய்க்குக் கொண்டு போங்கள். சோற்றுக் கிண்ணத்தைக் கையில் தூக்கிச் சாப்பிடுவதே முறை. குச்சிகளைச் சோற்றில் நட்டுவைக்கக் கூடாது, இறந்தவருக்கு ஊதுபத்தி ஏற்றுவது போலாகிவிடும்.

பீர் வந்தால் "மோத், ஹாய், பா, யோ!" என்று கூவிக் கிளாஸ் மோதுவார்கள். கோக் கிளாஸோடும் மோதலாம். "த்ராம் ஃபான் த்ராம்" என்றால் ஒரே மூச்சில் காலி செய் என்று பொருள். சிரித்துக்கொண்டே பாதி என்று சைகை காட்டினால் விடுவார்கள். 2020 ஜனவரியிலிருந்து வண்டி ஓட்டுபவருக்கு ஒரு சொட்டு மதுவுக்கும் அபராதம். குடித்த நண்பரின் ஸ்கூட்டரில் ஏறாமல் கிராப் செயலியில் வாடகைக் கார் பிடியுங்கள்.

மெனுவில் 285 என்றால் 2,85,000 டாங் (வியட்நாம் பணம்), ஆயிரத்தை எழுதாமல் விட்டிருப்பார்கள். ++ போட்டிருந்தால் சேவைக் கட்டணமும் (வழக்கமாக 5%) வாட் வரியும் தனி. மேசையில் தானாக வந்து உட்காரும் ஈரத் துண்டுக்கும் வேர்க்கடலைக்கும் சில இடங்களில் காசு உண்டு. ரொக்கம் கொடுத்தால் 20,000 தாளும் 5,00,000 தாளும் இரண்டுமே நீலம். எண்ணைப் படித்துக் கொடுங்கள். டிப்ஸ் கட்டாயமில்லை.

அழைத்தவர் பணம் கொடுப்பது வழக்கம், கல்லாவில் மல்லுக்கட்ட வேண்டாம். மறுநாள் காபி உங்கள் கணக்கு. கம்பெனிச் செலவு என்றால் பணம் கட்டுமுன் வாட் ரசீது கேளுங்கள். அங்குள்ள கிளையின் பெயர், முகவரி, வரி எண் மூன்றும் தயாராக இருக்கட்டும், பிறகு கேட்டால் இழுத்தடிப்பார்கள். 2025 ஜூலையிலிருந்து 50 லட்சம் டாங்கும் அதற்கு மேலும் போகும் பில்லை ரொக்கமாகக் கட்டினால் கம்பெனி வாட் கழிவு கோர முடியாது. எட்டுப் பேர் சாப்பாடு அந்த அளவைச் சுலபமாகத் தொடும் என்பதால் கம்பெனி கார்டில் கட்டச் சொல்லுங்கள்.