புஷ்கருக்குத் தனியாக இரண்டு நாள்

வாசகர் கேள்விகளுக்கான பயணப் பக்கத்தில் இம்முறை வந்த கடிதங்களில் மூன்று ஒரே ஊரைப் பற்றியவை. ஆகவே இந்த இதழின் பதில்கள் முழுவதும் ராஜஸ்தானின் புஷ்கருக்கே.

கேள்வி: நான் வங்கியில் பணிபுரியும் 43 வயதுப் பெண். ஒரு சனி, ஞாயிறில் தனியாகப் புஷ்கருக்குச் சென்று வர ஆசை. இந்தி அரைகுறையாகத்தான் தெரியும். "ஏரிக்கரையில் கையில் பூவைக் கொடுத்துப் பணம் பறிப்பார்கள், தனியாகப் போகாதே" என்று வீட்டில் தடுக்கிறார்கள். போகலாமா? இரண்டு நாள் போதுமா? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: தாராளமாகப் போகலாம். வீட்டார் சொல்வதும் பொய்யல்ல. அதற்குப் பின்னால் வருகிறேன்.

முதலில் வழி. சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ஜெய்ப்பூர் வரை விமானம். அங்கிருந்து அஜ்மீர் ஏறத்தாழ 135 கி.மீ.; ரயிலில் இரண்டு மணி நேரத்தை ஒட்டி ஆகும். அஜ்மீரிலிருந்து நாக பஹாட் என்னும் மலையைத் தாண்டினால், சுமார் 15 கி.மீ. தொலைவில் புஷ்கர். பேருந்து அரை மணி நேரத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். வெள்ளிக்கிழமை பிற்பகலுக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு இரவை ஜெய்ப்பூரில் கழித்துவிட்டுச் சனிக்கிழமை முதல் ரயிலைப் பிடித்தால், ஞாயிறு மதியம் வரை ஊர் உங்களுடையது. ஊரின் அளவுக்கு இந்த நேரம் போதும். எல்லாமே நடக்கும் தொலைவில்தான் உள்ளன என்பதால், ஏரியிலிருந்து பத்து நிமிட நடைக்குள் அறை எடுத்துக்கொள்ளுங்கள். இருட்டிய பிறகு ஆட்டோவைத் தேட வேண்டியிராது. மொட்டை மாடியில் உணவை மட்டும் வெளியே வைக்காதீர்கள், குரங்குகள் விடா.

இனி அந்தப் பூ விஷயம். ஏரியைச் சுற்றி 52 படித்துறைகள் உள்ளன. நான் முதல் முறை போனபோது, காலை எட்டு மணி இருக்கும், ஓர் இளைஞர் என் உள்ளங்கையில் நாலைந்து ரோஜா இதழ்களை வைத்து, "ஏரியில் விட்டுவிட்டுப் போங்கள், காசெல்லாம் வேண்டாம்" என்றார். படியிறங்கினால் அங்கே ஒரு பண்டா, அதாவது தீர்த்தக்கரைப் புரோகிதர், உட்கார்ந்திருந்தார். கோத்திரம் கேட்டார், பெற்றோர் பெயர் கேட்டார், கையில் தேங்காயைக் கொடுத்து அதன்மேல் ஏரி நீரை விட்டார், மணிக்கட்டில் சிவப்புக் கயிறு கட்டினார். மந்திரத்தின் நடுவிலேயே, குரல் மாறாமல், "எத்தனை பேருக்கு அன்னதானம் என்று சங்கற்பம் செய்துகொள்கிறீர்கள்?" என்று கேட்டுத் தலைக்கு ஒரு தொகையும் சொன்னார். கையில் தேங்காயும் தண்ணீரும் இருக்கும்போது, பெற்றோர் பெயரை இப்போதுதான் சொல்லியிருக்கும் நிலையில், "முடியாது" என்ற சொல் எவருக்கும் எளிதில் வாயில் வராது. ஐந்நூறு ரூபாய் கொடுத்துவிட்டு எழுந்தேன். பணம் போனதைவிட, அன்று காலை முழுவதும் ஏரியைப் பார்க்கத் தோன்றாமல் போனதுதான் எனக்கு நட்டம்.

ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையில் சங்கற்பம் செய்துகொண்டவருக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. அங்கே நாம் உட்காருவதற்கு முன்பே தொகையைப் பேசிவிடுகிறோம். புஷ்கரில் மொழி தெரியாத தயக்கத்தில் பேசாமல் இருந்துவிடுகிறோம். பூஜை செய்ய விரும்பினால், தேங்காயைக் கையில் வாங்குவதற்கு முன்பே, எல்லாம் சேர்த்து இவ்வளவுதான் தருவேன் என்று ரூபாய்க் கணக்கில் சொல்லி, அவர் சம்மதித்த பிறகு உட்காருங்கள். நேர்மையாகச் செய்து கொடுத்ததைப் பெற்றுக்கொள்ளும் பண்டாக்களும் அங்கே உண்டு. பூஜை வேண்டாமென்றால், பூவை நீட்டுபவரைப் பார்த்துக் கை கூப்பி "நஹீ சாஹியே" என்று சொல்லி நடந்துவிடுங்கள். கூப்பிய கையில் பூ வைக்க முடியாது. ஒருமுறை கயிறு கட்டிக்கொண்டவரை மற்றவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். வெளிநாட்டுப் பயணிகள் அந்தக் கயிற்றைப் "புஷ்கர் பாஸ்போர்ட்" என்று வேடிக்கையாகக் குறிப்பிடுவது இதனால்தான்.

படித்துறைக்குள் செருப்புக் கூடாது. அதைப் போட்டு எடுத்துச் செல்ல ஒரு துணிப்பை வைத்துக்கொள்ளுங்கள். குளிப்பவர்களைப் படம் எடுக்கக் கூடாது என்பதும் கண்டிப்பான விதி.

என் யோசனை, பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலைக் குறுக்கிக்கொள்ளுங்கள் என்பதே. ஞாயிறு விடியுமுன் எழுந்து, கடைகள் திறப்பதற்குள் ஏரிக்கரைக்குப் போய்விடுங்கள். டிசம்பரில் காலடியில் கற்படி சில்லென்றிருக்கும். புறாக்களுக்குத் தானியம் இறைப்பவரையும், பித்தளைச் சொம்புடன் இறங்கும் மூதாட்டிகளையும் தவிர அந்நேரத்தில் கூட்டம் இராது. யாரும் உங்களிடம் எதையும் விற்க மாட்டார்கள். தனியாகப் போவதன் பலன் இந்த ஒரு மணி நேரத்தில்தான் கிடைக்கும், ஏனெனில் கூட வந்தவருக்குத் தேநீர் வேண்டுமா என்ற கவலை உங்களுக்கு இல்லை. சனிக்கிழமை மாலையை ஜெய்ப்பூர் படித்துறைப் பக்கம் கழிக்கலாம். மறுகரைக்குப் பின்னால் சூரியன் இறங்குவதைக் காண உள்ளூர்க்காரர்களே அங்கு வந்து உட்காருவார்கள்.

உணவுக்குக் கவலையில்லை. ஊருக்குள் இறைச்சி, முட்டை, மது மூன்றுக்கும் தடை. காலையில் கச்சோரியின்மேல் நம் மோர்க்குழம்பின் உறவுக்காரரான கடியை ஊற்றித் தருவார்கள். நெய்யில் பொரித்துப் பாகில் ஊறிய மால்புவா, ஒன்றுக்குமேல் உண்ண முடியாத இனிப்பு. ஒரே ஓர் எச்சரிக்கை: சில கடைகளில் "ஸ்பெஷல் லஸ்ஸி" என்றால் பாங்கு, அதாவது அரைத்த கஞ்சா இலை, கலந்தது என்று பொருள். சாதாரண லஸ்ஸி என்று சொல்லிக் கேளுங்கள்.

ஒட்டகச் சவாரிக்குப் பகலில், தங்குமிடத்தார் வழியாக ஏற்பாடு செய்துகொண்டு போங்கள். தெருவில் அறிமுகமானவருடன் மணல்மேட்டில் இரவு தங்கும் திட்டங்கள் வேண்டாம். அவசர உதவி எண் 112.

கேள்வி: உலகிலேயே பிரம்மாவுக்குக் கோயில் இருப்பது புஷ்கரில் மட்டும்தான் என்கிறார்களே, உண்மையா? (வாசகர், திருச்சிராப்பள்ளி)

பதில்: திருச்சியிலிருந்து இந்தக் கேள்வி வந்ததுதான் வியப்பு. உங்கள் ஊரிலிருந்து சிறிது தூரத்தில் உள்ள திருப்பட்டூரில், பிரம்மபுரீஸ்வரர் கோயிலில் பிரம்மாவுக்குத் தனிச் சந்நிதி இருக்கிறது. தலையெழுத்தை மாற்றுவார் என்று நம்பி வரும் கூட்டத்தை நீங்களே பார்த்திருப்பீர்கள். கும்பகோணத்தில் பிரம்மன் கோயில் என்றே ஒரு கோயில் உண்டு. தஞ்சைக்கு அருகே திருக்கண்டியூரிலும் பிரம்மாவுக்குச் சந்நிதி உண்டு. "ஒரே கோயில்" என்பது வழிகாட்டிகள் வளர்த்த பேச்சு. பிரம்மாவையே மூலவராகக் கொண்ட கோயில்களில் மிகவும் புகழ்பெற்றது புஷ்கர் என்று சொன்னால் சரியாக இருக்கும்.

இந்தப் பேச்சுக்கு வேர் ஒரு புராணக் கதை. யாகத்துக்கு மனைவி சாவித்திரி வந்துசேரத் தாமதமாக, முகூர்த்தம் தவறக் கூடாதென்று பிரம்மா காயத்ரியை மணந்து அருகில் அமர்த்திக்கொண்டார். வந்து பார்த்த சாவித்திரி, இந்த ஊரைத் தவிர வேறெங்கும் உமக்குப் பூஜை இல்லாமல் போகட்டும் என்று சபித்துவிட்டு மலையேறிவிட்டாள். கோயிலில் பிரம்மாவுடன் காயத்ரி இருக்கிறாள். சாவித்திரியோ இன்றும் எதிர்க்குன்றின் உச்சியில் தனியே இருக்கிறாள். அந்தக் குன்றுக்கு 2016 முதல் கம்பிவட ஊர்தி ஓடுகிறது. முழங்கால் இடம் கொடுத்தால் விடியலில் படியேறிப் போங்கள். ஏரி, ஊர், அதற்கப்பால் மணல் மூன்றும் ஒரே பார்வையில் விழும். பிரம்மா கோயிலில் தரையைப் பார்த்து நடங்கள்: பக்தர்கள் தங்கள் பெயரோடு பதித்துவைத்த வெள்ளி நாணயங்களும், கருவறையை நோக்கிய ஒரு வெள்ளி ஆமையும் காலடியில் இருக்கும்.

நம்மவர்கள் பலர் தாண்டிப் போய்விடும் இடம் பழைய ரங்கஜி கோயில். ஹைதராபாத் வணிகர் ஒருவர் 1823-ல் கட்டிய ராமானுஜ சம்பிரதாயக் கோயில் அது. ராஜஸ்தானியக் கடைவீதியின் நடுவே திடீரென ஒரு தென்னாட்டுக் கோபுரம் எழுந்து நிற்கும். உள்ளே கோதை நாச்சியாருக்கும் ராமானுஜருக்கும் சந்நிதிகள் உண்டு. இரண்டு நாள் இந்தியில் தடுமாறிய பிறகு அங்கே ஆண்டாளைப் பார்ப்பது தனி நிம்மதி.

கேள்வி: கார்த்திகை தீபத்தன்று புஷ்கர் ஒட்டகச் சந்தையைப் பார்க்கலாம் என்று டிசம்பரில் பயணச்சீட்டு எடுக்க இருக்கிறேன். சரிதானே? (வாசகர், பெங்களூரு)

பதில்: எடுக்காதீர்கள். சந்தை வடநாட்டுக் கார்த்திக் பூர்ணிமையோடு முடிவது. அவர்களுடைய சந்திர மாதக் கணக்கும் நம் சூரிய மாதக் கணக்கும் வேறு. 2025-ல் கார்த்திக் பூர்ணிமை நவம்பர் 5, நம் தீபமோ டிசம்பர் 3. 2023-ல் இரண்டும் அடுத்தடுத்த நாட்களில் வந்தன, அதனால்தான் இந்தக் குழப்பம். கால்நடை வணிகத்தைப் பார்க்க விரும்பினால் பூர்ணிமைக்கு நான்கைந்து நாள் முன்பே போய்ச்சேருங்கள், கடைசி நாளுக்குள் ஒட்டகங்களில் பெரும்பாலானவை விற்றுக் கிளம்பிவிடும். அதன்பின் இருப்பது நீராட வந்த பெருங்கூட்டம். அந்த வாரத்தில் அறை வாடகையும் பல மடங்காகும். ஏரியின் அமைதிதான் தேவையென்றால், நீங்கள் நினைத்திருக்கும் டிசம்பரே நல்லது. சந்தையை மறந்துவிட்டு, கம்பளிச் சட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள்.