பழைய ஹோண்டா சிட்டி: மூன்றில் எதை எடுப்பது?

கேள்வி: விருதுநகரில் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். வீட்டில் ஐந்து பேர். பழைய ஹோண்டா சிட்டி வாங்கலாம் என்று நினைக்கிறேன். தரகர் மூன்று கார்களைக் காட்டினார்: 2007 இசட்எக்ஸ், 2012 ஐ-விடெக் பெட்ரோல், 2014 டீசல். மூன்றில் புதியது டீசல்தான். ஆனால் டெல்லி எண் என்பதால் அதற்கும் 2012 வண்டியின் விலையே சொல்கிறார். "எல்லாம் ஒரே வம்சம்தான் சார், எதை எடுத்தாலும் ஒன்றுதான்" என்கிறார். எதை எடுப்பது?

பதில்: 2012 பெட்ரோல் காரை எடுங்கள், அது தமிழ்நாட்டு எண்ணாகவும் கையால் கியர் மாற்றும் வண்டியாகவும் இருந்தால். டீசலை விட்டுவிடுங்கள். காரணங்களில் பாதி வண்டியைப் பற்றியவை, பாதி காகிதத்தைப் பற்றியவை.

ஒரே வம்சம் என்பது பெயரளவில் மட்டுமே உண்மை. 1981-இல் ஜப்பானில் சிட்டி என்று வந்தது நீளம் குறைந்த சிறு கார். டிக்கி வைத்த குடும்பக் காராக அது 1996-இல் தாய்லாந்தில் பிறந்தது. ஆசியச் சந்தைக்கென்றே செய்தார்கள். பின்னால் வந்த தலைமுறைகளை ஜப்பானில் விற்றபோதுகூட ஃபிட் ஏரியா, கிரேஸ் என்று வேறு பெயர் வைத்தார்கள். இந்தியாவுக்கு 1998-இல் வந்தது. அதில் 2000 வாக்கில் வந்த 106 குதிரைத்திறன் விடெக் எஞ்சின் வண்டிக்காக இன்றும் உருகுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டுக் குடும்பத்துக்குக் கார் வாங்காதீர்கள்.

2003-இல் வந்தது அடியோடு வேறு வண்டி. பெட்ரோல் டேங்கை முன் இருக்கைகளுக்கு அடியில் தள்ளியதால் உள்ளே இடம் கூடியது. எஞ்சின் 77 குதிரைத்திறனாக இறங்கியது, பெட்ரோல் செலவும் இறங்கியது. உங்கள் 2007 இசட்எக்ஸ் இந்தத் தலைமுறையின் பிற்பகுதி. அது ஐ-டிஎஸ்ஐ எஞ்சினாக இருந்தால் நான்கு சிலிண்டருக்கு எட்டு ஸ்பார்க் பிளக்குகள் இருக்கும். முன்வரிசை நான்கைக் கழற்றுவது எளிது. பின்வரிசை நான்கை எட்டுவது பெரும் வேலை. ஆகவே பல பட்டறைகளில் முன்னால் நான்கை மாற்றிவிட்டு எட்டுக்கும் பில் போடுகிறார்கள். வண்டி திணறினால் "பெட்ரோல் சரியில்லை" என்பார்கள். இதைச் சரிசெய்து கொள்ளலாம். ஆனால் 2007 காரின் பதினைந்து ஆண்டுப் பதிவு 2022-லேயே முடிந்திருக்கும். புதுப்பித்தார்களா, பழைய வண்டிக்கான பசுமை வரி கட்டினார்களா என்று ஆர்.சி.யில் பாருங்கள். புதுப்பிக்காத வண்டியைத் தரகர் "எஃப்.சி. எடுத்துத் தருகிறேன்" என்று சொன்னால், எடுத்த பிறகு பேசலாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

2008 இறுதியில் வந்த தலைமுறைதான் நீங்கள் பார்த்த 2012 வண்டி. 1.5 லிட்டர், 118 குதிரைத்திறன். எஞ்சினின் வால்வுகளை ஓட்ட டைமிங் பெல்ட் கிடையாது, சங்கிலி. முதல் தலைமுறைபோல் பெல்ட் அறுந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். எண்ணெய் ஒழுங்காக மாற்றியிருந்தால் இந்த எஞ்சின் எளிதில் கைவிடாது. குறை தரையோடு ஒட்டிய உயரம். ஐந்து பேர் ஏறி உட்கார்ந்து, நம் ஊரில் அளவுகோல் இல்லாமல் கட்டிவைத்திருக்கும் வேகத்தடைகளில் ஏறினால் அடிப்பகுதி உரசும். ஆகவே வண்டியைத் தூக்கி அடியில் பார்க்காமல் வாங்காதீர்கள். ஒன்றை மறக்கக் கூடாது: 2012-இல் பதிவான வண்டிக்கு 2027-இல் பதிவைப் புதுப்பிக்கும் செலவு வரும். விலை பேசும்போதே அதைக் கழித்துக் கேளுங்கள்.

இனி டீசல். 2014-இல் வந்த நான்காம் தலைமுறையில்தான் சிட்டிக்கு முதன்முதலாக டீசல் எஞ்சின் கிடைத்தது. லிட்டருக்கு 26 கிலோமீட்டர் என்று சான்று பெற்றது. நாள்தோறும் நெடுஞ்சாலையில் ஓடுகிறவருக்கு நல்ல வண்டி. பள்ளிக்கும் வீட்டுக்கும் போய்வர அது எதற்கு?

விலை குறைந்ததன் காரணமும் வண்டியில் இல்லை. டெல்லி வட்டாரத்தில் பத்து ஆண்டு கடந்த டீசல் கார்களையும் பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் கார்களையும் ஓட்டக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது; 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. அதன் பிறகு நீதிமன்றத்தில் எத்தனையோ திருப்பங்கள். அதற்குள் அங்கே விலையிழந்த கார்கள் லாரி லாரியாகத் தெற்கே வந்துவிட்டன. இந்த வண்டியை உங்கள் பெயருக்கு மாற்ற டெல்லியிலிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். இங்கே புது எண் வாங்க வேண்டும். வண்டியின் வயதுக்கும் விலைக்கும் ஏற்றபடி தமிழ்நாட்டின் ஆயுள் வரியைக் கட்ட வேண்டும். டெல்லியில் ஏற்கெனவே கட்டிய வரியில் மிச்சத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்று சட்டம் பெருந்தன்மையாகச் சொல்கிறது. விருதுநகரில் இருந்துகொண்டு டெல்லிக்கு மனுப்போட்டு அந்தப் பணத்தைப் பெறுவதற்குள் உங்கள் மாணவர்கள் கல்லூரி முடித்திருப்பார்கள். ஒரே நாட்டுக்குள் ஒரு காருக்கு இரண்டு முறை வரி வாங்கத் தெரிந்த அரசுகளுக்குத் தங்களுக்குள் கணக்கு முடித்துக்கொள்ளத் தெரியாது.

வேறு மாநிலத்திலிருந்து வந்த வண்டி எல்லாமே ஆகாது என்று சொல்லவில்லை. உரிமையாளரே பணி மாற்றலில் குடும்பத்தோடு இங்கே வந்தவராக இருந்து, தடையில்லாச் சான்று கொடுத்து, இங்கே வரி கட்டி, தமிழ்நாட்டு எண்ணும் வாங்கிச் சில காலம் ஓட்டிய வண்டி என்றால் வாங்கலாம். ஆனால் மூன்றும் நடந்திருக்க வேண்டும். சான்று மட்டும் கையில் இருக்கிறது என்றால் போதாது. வரி கட்டிய ரசீது மட்டும் காட்டினாலும் போதாது. "விண்ணப்பித்தாகிவிட்டது, எண் வந்துவிடும்" என்றால் எண் வந்த பிறகு வாங்குங்கள். பழைய எண்ணில் அபராதம் பாக்கி இருக்கிறதா என்பதையும் ஒன்றிய அரசின் பரிவாகன் இணையதளத்தில் பாருங்கள்; அது வண்டியோடு கூடவே வரும்.

மூன்று கார்களுக்கும் பொதுவான ஒரு பொறி இருக்கிறது. தரகர் காட்டும் ஆர்.சி.யில் இருக்கும் பெயர் தரகருடையதாக இருக்காது. யாரோ ஒருவர் கையெழுத்திட்டுக் கொடுத்த வெற்றுப் பெயர் மாற்றப் படிவங்கள் 29, 30 தரகர் பையில் இருக்கும். அந்தக் கையெழுத்தை நம்பிப் பணம் கொடுத்தவர்கள் பிறகு உரிமையாளரைத் தேடி அலைவதைப் பார்த்துச் சலித்துவிட்டேன். பழைய வாகன வணிகர்கள் போக்குவரத்து அலுவலகத்தில் அங்கீகாரம் பெற வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. உங்கள் தரகரிடம் அந்தச் சான்றைக் கேட்டுப் பாருங்கள். முகத்தைப் பார்த்தாலே பதில் தெரிந்துவிடும். உரிமையாளரை நேரில் சந்தியுங்கள், அவர் வங்கிக் கணக்குக்கே பணம் போடுங்கள். ஆர்.சி.யில் கடன் கொடுத்த வங்கியின் பெயர் இருந்தால், "கடன் எப்போதோ முடிந்தது" என்ற வாய்ப்பேச்சு உதவாது. வங்கியின் சான்றோடு படிவம் 35 கொடுத்து அந்தப் பெயரை நீக்கிவிட்டு வரச் சொல்லுங்கள்.

2012 வண்டி 2023 டிசம்பரில் எங்கே நின்றது என்று கேளுங்கள். அந்த மாதம் முதலில் சென்னையிலும் பிறகு நெல்லை, தூத்துக்குடியிலும் தண்ணீருக்குள் நின்ற கார்கள் துடைத்துப் பளபளப்பாக்கப்பட்டுச் சந்தைக்கு வந்திருக்கின்றன. சீட் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுத்துச் சேற்றுக்கோடு தெரிகிறதா என்று பாருங்கள். தரைவிரிப்பைத் தூக்கி, இருக்கையைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

முன்பணம் கொடுக்கும் முன் சேசிஸ் எண்ணை எழுதிக்கொண்டு ஹோண்டா சர்வீஸ் நிலையத்துக்குப் போங்கள். அந்தக் காலத்து சிட்டிகள் பலவற்றை, வெடித்துச் சிதறும் அபாயமுள்ள டகாட்டா நிறுவன ஏர்பேக் பாகத்துக்காகத் திரும்ப அழைத்தார்கள். உங்கள் எண் அந்தப் பட்டியலில் இருந்தால் பாகத்தை இலவசமாக மாற்றிக் கொடுப்பார்கள். அப்படியே பழைய சர்வீஸ் கணக்கில் ஓடிய கிலோமீட்டரையும் கேளுங்கள். மீட்டர் காட்டுவது அதைவிடக் குறைவாக இருந்தால் இந்த வண்டியும் வேண்டாம்.