டிஇஎச்பி கொடுத்தும் கொழுப்புத்துளி கூடவில்லையா?

பிளாஸ்டிக்கை நெகிழ வைக்கும் தாலேட் வேதிப்பொருளான டிஇஎச்பியை 10 மைக்ரோமோலார் கொடுத்தும், கொழுப்புச் செல்லாக மாறக்கூடிய மனித முன்செல்களில் கட்டுப்பாட்டுக்கும் சோதனைக்கும் வித்தியாசமே இல்லை என்கிறீர்கள். முதலில், முன்செல்களைக் கொழுப்புச் செல்களாக மாற்றும் உங்கள் வேறுபாட்டூட்டும் கலவையைப் பாருங்கள். அதில் 1 மைக்ரோமோலார் ரோசிகிளிட்டசோன் என்ற நீரிழிவு மருந்து இருக்கிறது. அது கொழுப்புச் செல் உருவாக்கத்தை இயக்கும் பிபிஏஆர்-காமா ஏற்பியை ஏற்கெனவே முழுமையாக முடுக்கிவிடுகிறது; அதே பிணைப்புக் குழியில் நுழையும் பலவீனமான தாலேட்டுக்கு அங்கே வேலையே இல்லை. ரோசிகிளிட்டசோனை நீக்கிவிட்டு, கலவையின் மற்ற பொருள்களான ஐபிஎம்எக்ஸ், டெக்சாமெத்தசோன், இன்சுலின் மட்டும் வைத்து ஓட்டுங்கள். ரோசிகிளிட்டசோனை வளர்ப்புத் தட்டின் தனிக் கிணறுகளில் நேர்மறைக் கட்டுப்பாடாக வையுங்கள்.

அடுத்து, ஏற்பியை முடுக்குவது பெரும்பாலும் டிஇஎச்பி அல்ல, அது நீராற்பகுப்பில் தரும் எம்இஎச்பி. அதையே வாங்கி 10, 30, 100 மைக்ரோமோலாரில் சோதியுங்கள். 100-இல் செல் உயிர்ப்பையும் அளந்தாக வேண்டும். சீரத்திலுள்ள ஆல்புமின் எம்இஎச்பியைப் பிடித்து வைப்பதால் சீர அளவை எல்லாக் கிணறுகளிலும் ஒன்றாகவே வையுங்கள்; கரைப்பானான டிஎம்எஸ்ஓ 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கரைசல்களுக்குக் கண்ணாடிக் குப்பிதான். நெகிழ் பிவிசி குழாய் வழியே ஊடகம் போனால் கட்டுப்பாட்டிலும் தாலேட் கலந்துவிடும்.

கொழுப்புத்துளியைக் காட்டும் எண்ணெய்ச் சிவப்புச் சாயம் மட்டும் போதாது, கொழுப்புச் செல்லின் அடையாள மரபணுக்களான எஃப்ஏபிபி4, அடிப்போனெக்டின் ஆர்என்ஏவையும் அளங்கள். பிபிஏஆர்-காமாவைத் தடுக்கும் ஜிடபிள்யூ9662-ஐக் கட்டுப்பாட்டிலும் சேர்த்துப் பாருங்கள்; எம்இஎச்பியால் கூடிய அளவு அதனால் இறங்கினால், பாதை பிபிஏஆர்-காமா வழியே என்பதற்கு அது நல்ல ஆதரவு.