மண்டபத்தில் வேலை: குடும்பத்தை எங்கே வைப்பது?

கேள்வி: கடல் உயிரியலில் பிஎச்.டி. முடித்திருக்கிறேன். ராமேஸ்வரம் பக்கத்து ஊரான மண்டபத்தில் ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில் ரிசர்ச் அசோசியேட் வேலை கிடைத்திருக்கிறது. மாதம் 58,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும். கொச்சியிலும் இதே சம்பளத்தில் ஓர் இடம் வந்திருக்கிறது. மனைவி, ஒன்றாம் வகுப்பு சேரப்போகும் மகள், சர்க்கரை நோயுள்ள அம்மா மூவரும் உடன் வருவார்கள். ராமேஸ்வரத்தில் 4 லட்சம் ஒத்திக்கு வீடு இருப்பதாக ஒரு புரோக்கர் சொல்கிறார். மாத வாடகை இல்லையே என்று ஆசையாக இருக்கிறது. எடுக்கலாமா? (வாசகர், நாமக்கல்)

பதில்: மண்டபம் வேலையை எடுங்கள். அந்த ஒத்தி வீட்டை எடுக்காதீர்கள். குடும்பத்தை ராமநாதபுரத்தில் வையுங்கள்.

முதலில் படிக் கணக்கு. நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்று பார்த்து வாடகைப்படி தரமாட்டார்கள், எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்றுதான் பார்ப்பார்கள். இந்தப் படிக்காக மத்திய அரசு ஊர்களை வகை பிரித்திருக்கிறது. கொச்சி ‘ஒய்’ வகை நகரம், சம்பளத்தில் 20 சதவீதம். மண்டபம் ‘இசட்’, 10 சதவீதம். ஆக அங்கே 11,600, இங்கே 5,800. கொச்சியில் நாலு பேர் இருக்கிற மாதிரி வீடு பிடித்தால் அந்தக் கூடுதல் பணம் வாடகைக்கே போய்விடும். அதனால்தான் மண்டபம் என்கிறேன். ஆனால் இந்த ‘இசட்’ மீது எனக்குத் தீராத கோபம் உண்டு. ஊரின் மக்கள்தொகையை எண்ணி வகை பிரித்தவர்கள், நல்ல தண்ணியைக் குடம் கணக்கில் விலைக்கு வாங்கும் ஊர் இது என்பதை எந்தக் கட்டத்திலும் எழுதவில்லை.

இனி ஒத்தி. மொத்தமாகப் பணம் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் இருந்து, காலி செய்யும்போது முழுப் பணத்தையும் திரும்ப வாங்கிக்கொள்வது. கேட்க இனிக்கும். ஆனால் உங்கள் வேலை திட்டப் பணி. உத்தரவு பெரும்பாலும் வருடத்துக்கு வருடம்தான் நீளும். திட்டம் நின்றால் ஒரே மாதத்தில் கிளம்ப வேண்டும். அப்போது வீட்டுக்காரர் சொல்லும் பதிலை இப்போதே எழுதித் தருகிறேன்: “அடுத்த ஒத்திக்கு ஆள் வரட்டும் தம்பி, தர்றேன்.” நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதில் மாட்டினேன். என் பணத்தை வைத்துத்தான் முந்தைய ஒத்திக்காரருக்குத் தீர்த்திருந்தார்கள். வீடு ஏற்கெனவே அடமானத்தில் இருந்தது, வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். எழுதிய 20 ரூபாய் பத்திரத்தைப் பதிவும் செய்யவில்லை. பணம் கைக்கு வர பதினொரு மாதம் அலைந்தேன். கமிஷன் வாங்கிய புரோக்கர் அதற்குப் பிறகு போனையே எடுக்கவில்லை. புரோக்கர் “பதிவெல்லாம் எதுக்கு சார், நம்ம ஆளுங்கதான்” என்று சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். மாத வாடகைக்கு மட்டும் பாருங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு, அலுவலக வளாகத்தில் குவார்ட்டர்ஸ் தந்தால். தந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். வாடகைப்படி நின்றுபோகும், அது பரவாயில்லை. திட்டப் பணியாளருக்கு எத்தனை மாதத்துக்கு ஒதுக்குகிறார்கள்? ஒரு உத்தரவு முடிந்து அடுத்த உத்தரவு வருகிற இடைவெளியில் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்களா? நிரந்தரப் பணியாளர் யாராவது மாறுதலாகி வந்தால் உங்களை எழுப்புவார்களா? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். வாயால் சொன்னதை நம்பி, மகளின் பள்ளி ஆண்டு நடுவில் பெட்டியைக் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ராமநாதபுரம் ஏன்? அம்மாவுக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அங்கேதான். பள்ளிகளும் அங்கேதான் அதிகம். கேந்திரிய வித்யாலயா கிடைக்கும் என்று கணக்குப் போட்டு வராதீர்கள். மத்திய அரசு ஊழியர் பிள்ளைகளுக்குள்ள முன்னுரிமை ஒப்பந்தப் பணிக்கும் உண்டா என்று பள்ளியிலேயே கேளுங்கள். மண்டபம் சுமார் 40 கிலோமீட்டர், பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ராமநாதபுரத்தின் கிழக்கே, பட்டணம்காத்தான், பாரதி நகர் பக்கம் வீடு பார்த்தால் ராமேஸ்வரம் சாலை கைக்கெட்டிய தூரம். ஊரைக் கடக்கும் நேரம் மிச்சம். ராமேஸ்வரத்தில் வீடு யாத்திரிகருக்கு அறையாக மாறிக்கொண்டிருக்கிறது, குடும்பம் நிம்மதியாக இருக்க முடியாது.

இன்னொன்று: திட்டப் பணம் தவணை தவணையாகத்தான் வரும். தவணை தாமதமானால் சம்பளமும் தாமதம். மூன்று, நான்கு மாதச் செலவுக்குப் பணம் இல்லாமல் குடும்பத்தைக் கூட்டி வராதீர்கள். வேலை பார்த்தவனுக்கு மாதக் கடைசியில் கூலி தர வேண்டும் என்பது இந்த நிர்வாகத்துக்கு இன்னமும் புரியவில்லை.

வீடு பார்க்க மே மாதம் வாருங்கள், காலையிலேயே வாருங்கள். சுவரின் பெயின்டைப் பார்க்காதீர்கள். குளியலறைக் குழாயின் வாயைப் பாருங்கள், வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். கையில் ஒரு சோப்புக் கட்டி கொண்டுபோய்த் தேய்த்துப் பாருங்கள், நுரை வருகிறதா என்று. பிறகு பக்கத்து வீட்டுக்காரம்மாவிடம், “காவிரித் தண்ணி எத்தனை நாளைக்கு ஒரு தடவைக்கா வருது?” என்று கேளுங்கள். புரோக்கர் கூட இல்லாத நேரம் பார்த்துக் கேளுங்கள்.