கேரி நெவில் டிவியில் எப்படி எல்லோரையும் ஜெயித்தார்?

இங்கிலாந்து கால்பந்து வீரரான இவர் மான்செஸ்டர் யுனைடெட் தவிர வேறு கிளப்புக்கே ஆடாதவர், அதன் பரம எதிரியான லிவர்பூல் கிளப்பின் ரசிகர்களுக்கு ஆகவே ஆகாதவர். அப்படிப்பட்டவர் 2011-ல் ஓய்வு பெற்ற கையோடு ஸ்கை ஸ்போர்ட்ஸ் டிவியில் ஆட்டங்களை அலச வந்து உட்கார்ந்தால், இவர் எங்கே நடுநிலையாகப் பேசப் போகிறார் என்று கேட்டது நியாயம்தான். ஆனால் திங்கட்கிழமை இரவு நிகழ்ச்சியில் அவர் தொடுதிரையில் ஆட்டத்தை நிறுத்தி, ஒரு டிஃபெண்டர் (தடுப்பாட்டக்காரர்) எந்த இடத்தில் நின்றிருக்க வேண்டும், ஏன் இரண்டடி தள்ளி நின்றதால் கோல் விழுந்தது என்று காட்டியபோது, அதுவரை பந்தை மட்டுமே பார்த்தவர்களுக்கு ஆட்டமே புதிதாகத் தெரிந்தது. அப்புறம், யுனைடெட் சொதப்பினால் அவர்களையும் விடவில்லை. 2013-ல் பழைய எதிரி, லிவர்பூலுக்கு ஆடிய ஜேமி காராகர் பக்கத்தில் வந்ததும் வாதம் இன்னும் சூடானது. எனக்கு அந்த ஜோடிதான் பிடிக்கும்.