ரப்பர் ஷீட்டில் ஒரு குமிழ்

கேள்வி: பிரபஞ்சம் விரியும் வேகம் கூடிக்கொண்டே போகிறது என்று படித்தேன். அணுவுக்குள் நடக்கும் குவாண்டம் சமாச்சாரம் அவ்வளவு பெரிய பிரபஞ்சத்தை எப்படிப் பாதிக்கும்?
– கல்லூரி மாணவி, குலசேகரம்

பதில்: குலசேகரத்திலிருந்து கேட்கிறீர்கள், அதனால் ரப்பரிலிருந்தே தொடங்கலாம். பால் உறையும்போது டிரேயில் கடுகளவு குமிழ் சிக்கினால் போதும், மெஷினில் ஷீட் அடித்ததும் அது இழுபட்டு அகன்றுவிடும், காய்ந்த ஷீட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் பளிச்சென்று தெரியும், வியாபாரி தரத்தைக் குறைப்பதும் அதைப் பார்த்துத்தான். பிரபஞ்சம் பிறந்தவுடன், நொடியின் மிகமிகச் சிறு பகுதிக்குள் அது மளமளவென்று உப்பியது என்பதைப் பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கிறார்கள். அப்போதிருந்த குவாண்டம் நடுக்கங்களும், அதாவது ஆற்றல் நுண்ணிய அளவில் கூடியும் குறைந்தும் துடிப்பதும், இப்படித்தான் இழுபட்டன. பிரபஞ்சத்தின் குழந்தைப் பருவத்து மிச்சமாக வானமெங்கும் பரவியிருக்கும் நுண்ணலைக் கதிர்வீச்சில் லட்சத்தில் ஒரு பங்கு வெப்ப வேறுபாடாக அந்தத் தடம் இன்றும் இருக்கிறது. கேலக்ஸிகள் திரண்டது அந்த மேடுபள்ளத்தில்தான்.

சரி, இன்றைய விரிவு? 1998-ல் தொலைதூர சூப்பர்நோவாக்களை, அதாவது வெடித்துச் சிதறும் நட்சத்திரங்களை, அளந்த இரண்டு குழுக்கள் வேகம் கூடுவதைக் கண்டன, 2011-ல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. தள்ளுவது எது என்பதுதான் புதிர். குவாண்டம் விதிப்படி வெற்றிடத்துக்கும் ஆற்றல் உண்டு, இடம் விரிந்தாலும் அது நீர்த்துப்போகாது, அதனால் விரிவை முடுக்கிவிடும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இங்கேதான் கணக்கு உதைக்கிறது: ஈர்ப்பும் குவாண்டமும் ஒன்றாகச் சேரும் நுண்ணிய எல்லைவரை அந்த ஆற்றலைக் கூட்டிப் பார்த்தால், அளந்த மதிப்பைவிட 1 போட்டு 120 சைபர் சேர்த்த அத்தனை மடங்கு வருகிறது! அவ்வளவு இருந்திருந்தால் ஒரு நட்சத்திரம்கூடத் திரண்டிருக்காது. இயற்பியலில் இதைவிடப் பெரிய பிசகு எனக்குத் தெரிந்து இல்லை.

நம் குமரி மாவட்டத்துக்குப் பக்கத்திலேயே, திருவனந்தபுரத்தில் பிறந்த இயற்பியலாளர் தாணு பத்மநாபன் இதை வேறு பக்கமாக அணுகினார். வெற்றிட ஆற்றலின் மொத்தத்தை ஈர்ப்பு பொருட்படுத்துவதில்லை, அதன் ஏற்ற இறக்கம் மட்டுமே ஈர்ப்புக்கு உறைக்கிறது என்று வைத்துக்கொண்டால், கிடைக்கும் எண் அளந்த மதிப்புக்கு அருகில் வருகிறது என்று காட்டினார். அவர் 2021-ல் காலமானார். இது நிரூபணமாகவில்லை, ஆனாலும் என் மனதுக்கு மிகவும் பிடித்த யோசனை இது.

அப்புறம் இன்னொன்று. அமெரிக்காவின் அரிசோனாவில் தொலைநோக்கியோடு பொருத்தி, கேலக்ஸிகளின் தொலைவை அளக்கும் டெசி (DESI) கருவி 2024-லும் 2025-லும் தந்த அளவீடுகள், அந்தத் தள்ளுவிசை மெல்லத் தளர்கிறதோ என்று சந்தேகப்பட வைக்கின்றன. அது உறுதியானால், மாறாத வெற்றிட ஆற்றல் என்ற விடை மட்டும் போதாது.